அடித்தால் வேகமாகப் போகாது

அயல்நாட்டில், தூ டுக் என்ற ஊரின் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாதுகாப்புப் பாடம் நடத்தும் பேராசிரியர் தண்டாயுதபாணியின் இரண்டாவது பல்லும் அவர் வீட்டுத் தரையில் விழுந்தது.

"பாஸ்வேர்டைச் சொல்லு," என்றான் சுத்தியல்காரன். அவனுக்கும் கூட்டாளிக்கும் அவர் வரைந்த புதிய சிப்பின் வரைபடம் வேண்டும்.

"உயிரே போனாலும் சொல்ல மாட்டேன்."

சுண்டுவிரல் நசுங்கியது. சொல்லிவிட்டார்.

ஆயுத பூஜைக்காக அவர் மனைவி வேதநாயகி அணைத்துப் பொட்டு வைத்திருந்த கம்ப்யூட்டரைக் கூட்டாளி போட்டான். 'அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள். ஒரு சதவீதம்' என்றது திரை.

விலா எலும்பில் ஓர் உதை விழுந்தது. "எப்ப முடியும்?"

"என்னை அடிச்சா அது வேகமாப் போகாது தம்பி," என்றார், ரத்தத்தைத் துப்பியபடி.

நாற்பது சதவீதத்தில், மாரியம்மன் கோவிலிலிருந்து திரும்பிய வேதநாயகி ஜன்னல் வழியே பார்த்துவிட்டுப் போலீஸோடு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் அதிகாரி, "வரைபடம் எப்படித் தப்பியது?" என்று கேட்டார்.

"அப்டேட்டைத் தள்ளிப்போடாதவனை எவனும் அசைக்க முடியாது," என்றார் பேராசிரியர், கட்டுப்போட்ட வாயோடு.

வேதநாயகி, அதிகாரிக்குப் புரியாதபடி தமிழில் அவர் காதருகே சொன்னாள்: "ஒரு வருஷமா தினமும் 'பிறகு பார்க்கலாம்'னு அமுக்கினீங்களே, அதெல்லாம் சேர்ந்துதாங்க அவ்வளவு நேரம் இழுத்துச்சு. நீங்க பாடம் நடத்துற மாதிரி நடந்திருந்தா, போலீஸ் வர்றதுக்குள்ள வரைபடம் போயிருக்கும்."