நாலாவது ஓட்டை

தாராவியில் பட்டறைக்கு மேலிருந்த ஒற்றை அறை வீட்டில், சுரேந்திரன் தானே பூட்டிக்கொண்டிருந்த ரேடியோ கிட்டின் பெட்டியில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான். கட்டிலில் உட்கார்ந்தபடியே மாரிசெல்வி எண்ணிக்கொண்டு வந்தாள்.

“சுவிட்சு, வால்யூம், இயர்போன். அந்த நாலாவது எதுக்கு?”

“பின்னாடி ஏதாவது சேக்கணும்னா வேணும்லா. உள்ள எல்லாத்தையும் மாட்டுனப்புறம் ட்ரில் வச்சா போர்டு போயிரும். இப்பமே போட்டு வச்சிரணும்.”

“என்னத்தச் சேக்கப் போறீங்க?”

அவன் ஓட்டையிலிருந்த தூளை ஊதினான். அவள் முகம் வெளிறிவிட்டது.

“போன தடவ மாதிரி எங்கிட்டச் சொல்லாம வாங்கிட்டீங்களா?”

“உம்மேல சத்தியமா வாங்கல புள்ள.”

நம்பாமல் அவன் பையைத் தரையில் கொட்டிப் பார்த்தாள். ஸ்க்ரூ, வயர், ஈயம் தவிர வேறொன்றும் இல்லை.

“மைக்குக்கு,” என்றான் மெல்ல. “இங்க தொட்டில்கிட்ட மைக்க வச்சு வயர் இழுத்தா, கொழந்த அழுறது கீழ பட்டறையில இந்த ரேடியோவுல எனக்குக் கேக்கும். வெறும் ஓட்டதான புள்ள போட்டிருக்கேன். சாமான் எதுவும் வாங்கலயே.”

பிறக்குமுன்னே வாங்கக் கூடாதென்று எல்லோரும் சொல்லியும், போன தடவை ஏழாம் மாதமே அவன் வாங்கி வந்த தொட்டில் பரணில் பிரிக்காமலே கிடந்தது. இருவரும் அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மாரிசெல்வி நிறைவயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கண்ணாடியில் இருந்த கருப்பு ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து, நாலாவது ஓட்டையின் மேல் ஒட்டினாள்.

“கண்ணு படாம இருக்கட்டும்.”