சுர்ருன்னு ஏறுதா?

இன்பமணி இரண்டு விரல்களைச் சேர்த்துச் சீனித்தாயின் மணிக்கட்டில் தட்டினாள். கரண்ட் அடித்ததுபோல் சுர்ரென்று விரல் நுனிவரை ஏறியது.

"பாத்தியா, மூஞ்சி சுளிக்குது! இன்னைக்கு வார டாக்டரு கண்டுபிடிச்சிரும்ளா," என்றாள் இன்பமணி. முத்தையாபுரம் பக்கத்து இறால் கம்பெனியில், இறால் உரிக்கும் பெண்களுக்கு அவள்தான் சூப்பர்வைசர். "இன்னொருக்கா தட்டுதேன். பல்லக் கடிச்சுக்கோ."

நாலாவது தட்டலுக்குச் சீனித்தாயின் முகம் அசையவில்லை.

கை மரத்துப்போனவர்களைக் கம்பெனி வைத்துக்கொள்ளாது. போன மாதம், அங்கேயே கூட உரித்துக்கொண்டிருந்த மகள் பேச்சிச்செல்வியின் கையிலிருந்து கத்தி நழுவியது. மறுநாளே வரவேண்டாம் என்றுவிட்டார்கள். இருபத்து நாலு வயதுப் பெண்ணுக்கு இப்போது தலைபின்னிவிடுவதும் சீனித்தாய்தான். அடுப்பு எரிவதும் அவள் ஒருத்தி சம்பளத்தில்தான்.

அன்று காலை செல்வி வாசல்வரை வந்திருந்தாள். "எம்மா, கையத் தட்டிப் பாத்துக் கேட்டா உள்ளதச் சொல்லிரு."

டாக்டர் வருவது இவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பதற்குள் கம்பெனி வேன் ஹாரன் அடித்துவிட்டது.

இறால் உரித்து உரித்துக் கை மரத்துப்போகிறது என்று வந்த புகாரை விசாரிக்க அரசாங்கத்திலிருந்து வந்திருந்த டாக்டர் ஈவாஞ்சலின், ஒவ்வொருத்தியிடமும் பேரும் விலாசமும் கேட்டு எழுதிக்கொண்டு கையைத் தட்டிப் பார்த்தார். முப்பது பேர் முடிந்து, கடைசியாகச் சீனித்தாய் உட்கார்ந்தாள்.

"சுர்ருன்னு ஏறுதாம்மா?"

"இல்ல டாக்டர்."

டாக்டர் மறுபடியும் தட்டினார். சீனித்தாய்க்குக் கண் கலங்கியது.

"ராத்திரி மரத்துப்போய் எந்திரிச்சு கைய உதறுவீங்களா?"

"படுத்தா விடியக்காலம்தான் முழிப்பேன்."

"பயப்படாதீங்க. சொன்னா வேலைய விட்டு நிறுத்த முடியாது."

சீனித்தாய் நிமிர்ந்தாள். கதவோரம் இன்பமணி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எனக்கு ஒண்ணுமே இல்ல டாக்டர்."

வலி எதுவும் இல்லை என்று எழுதியிருந்த தாளில், பேனா நழுவாமல் இறுக்கிப் பிடித்துக் கையெழுத்துப் போட்டாள். போட்டு முடித்ததும் அடக்கிவைத்திருந்த ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"எந்தச் சிறுக்கி டாக்டர் இந்தப் புகாரக் குடுத்தது? அத்தன பேரு வயித்துலயும் அடிக்கப் பாத்தாளே!"

டாக்டர் பேனாவை மூடினார். "கை ஆபரேஷனுக்கு உதவி கேட்ட பொண்ணும்மா. வேலையாலதான் வந்துச்சுன்னு எழுத, இங்கன அதே மாதிரி மரத்துப்போன இன்னும் ஒரு கை கெடச்சாப் போதும்னு வந்தேன். முப்பத்தோரு பேரும் இல்லன்னுட்டீங்க. இனி அந்தப் பொண்ணு சொன்னது பொய்னுதான் எழுதணும்."

புகார் மனுவைக் கோப்பில் வைக்கப் போனவர் நின்றார். சீனித்தாயின் தாளை எடுத்து மனுவின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டுலயும் ஒரே வீட்டு அட்ரஸா இருக்கே?"