கொண்டையில் நீலம்

கோழி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

அதனால்தான் அவள் அதைத் தேர்ந்தெடுத்தாள்.

பண்ணையில் மற்றவை எல்லாம் ஓடும், கொத்தும், முகத்தைக் காட்டிய கையோடு முதுகைக் காட்டும். ஒரு வாத்தை வரைய வாரம் முழுக்க அதன் பின்னாலேயே அலைந்திருக்கிறாள். இந்தக் கருப்பி மட்டும் தண்ணீர்த் தொட்டியோரம் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு மதியம் முழுக்க அப்படியே இருந்தது. பாதி மூடிய கண். யாரையோ நினைத்து ஏங்குகிற பார்வை.

கொண்டைச் சிவப்பில் துளி நீலம் கலந்தாள்.

ஏக்கம் கூடிவிட்டது.

படத்தை ஜன்னலோரம் சாய்த்து வைத்துவிட்டுக் கணவனுக்காகக் காத்திருந்தாள்.

மயில்சாமி தீவன வாளியோடு வந்தான். எந்தப் படத்துக்கும் அவனிடம் ஒரு நையாண்டி இருக்கும். வான்கோழியைப் பார்த்து, “என்ர மாமனாரு பந்தியில எலைக்குக் காத்திருக்கற மாதிரியே இருக்குது” என்று சொல்லி அவளிடம் அடி வாங்கியவன்.

இன்று சிரிக்கவில்லை. வாளியைக் கீழே வைத்தான்.

“கோகிலா, கொண்டை இந்த நெறத்துலயா இருந்துச்சு?”

அவளுக்குப் புரிவதற்குள் கொட்டகைக்கு ஓடியிருந்தான்.

திரும்பி வந்தபோது அவன் கையில் கருப்பி. கழுத்து ஒரு பக்கமாக முறுகிக் கிடந்தது.

“வெள்ளக் கழிச்சல். ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குத் தொத்தற சீக்கு. கொண்டை நீலம் பாஞ்சு உக்காந்திருக்குது. நீ…”

சுவரோரம் இருந்த முந்தைய படத்தை எடுத்தான்.

செவலைக் கோழி. அதன் கொண்டையிலும் அதே நீலம்.

செவலை இப்போது இங்கே இல்லை. அவன் அக்கா வீட்டில் இருக்கிறது.

கல்யாணத்துக்கு வராத அக்கா. இவளைத் தன் வாசற்படி ஏற்றாத அக்கா. போன ஞாயிறுதான் முதன்முதலாக வந்து, இவள் கையால் காபி வாங்கிக் குடித்து, தான் புதிதாகப் போட்ட பண்ணைக்கென்று ஒரு கூடை கோழி கேட்டு வாங்கிப் போனாள். செவலையைத் துரத்திப் பிடித்துக் கூடையில் வைத்தவள் இவள்தான்.

துரத்தினாளா? அது ஓடியதா?

மயில்சாமி போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“அக்காகிட்ட இப்பவே சொன்னா, செவலையவாச்சும் பிரிச்சு வெக்கலாம். சொல்லு கோகிலா. அந்த நீலத்தப் பாத்து வெச்சியா, அழகுக்கு வெச்சியா?”

அழகுக்கு என்று சொன்னால் போதும். அவன் நம்புவான். போன் சட்டைப் பைக்குள் போய்விடும். அடுத்த ஞாயிறும் அக்கா காபி குடிக்க வருவாள்.

செவலையின் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

வண்ணம் குழைத்தது நினைவிருக்கிறது. தூரிகை நுனியைத் துடைத்தது நினைவிருக்கிறது. கோழியின் முகம் மட்டும் வரவில்லை. கண்ணை மூடினால் படம்தான் வருகிறது.



“குடுங்க” என்று கையை நீட்டினாள்.

மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்காமல் போனால் நன்றாக இருக்கும் என்று ஒரு கணம் நினைத்தாள்.

அக்கா எடுத்தாள். பின்னால் கோழிகளின் கூச்சல்.

“சொல்லு கண்ணு” என்றாள்.

இதுவரை அவள் இவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.