பதினேழாம் நம்பர் கேசட்

நாற்பது கேசட்டில் பதினேழாவது கோல்பியின் மடியில் இருந்தது. அதைக் கொடுப்பதா வேண்டாமா என்று அவன் இன்னும் முடிவு செய்யவில்லை.

எதிரே ஜனெல் ஹூக்ஸ்ட்ரா முகத்தில் பயபக்தியை வரவழைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிராண்ட் ராப்பிட்ஸிலிருந்து மூன்று மணி நேரம் பனியில் ஓட்டி வந்திருந்தாள். வெளியே காரில் அப்பா காத்திருந்தார். ஹீட்டருக்காக எஞ்சினை அணைக்காமல் விட்டிருந்தாள்.

'உன் அண்ணன் கல்யாணத்தில் நான் அழவில்லை.' அந்தக் கேசட்டில் பாடிய இசைக்குழுவுக்கு இப்படியும் ஒரு பெயர்.

காதலி விட்டுப்போன பையன்கள் தொண்டை கிழிய வைக்கும் ஒப்பாரிக்கு எமோ என்று பெயர். அது செத்துப் பத்து வருடம் கழித்துச் சிலர் அதைத் தோண்டியெடுத்து மறுபடி பாடினார்கள். அந்தச் சிலரிலும் ஒருவரும் கண்டுகொள்ளாத நால்வர் இவர்கள்.

மொத்தமே நாற்பது கேசட்; சும்மா கொடுத்தபோது யாரும் வாங்கவில்லை. கிடைக்காமல் போனதும் தெய்வமாகிவிட்டார்கள்.

கோல்பிக்கு இருபத்தாறு வயது இருக்கும். பதினொன்றாம் நம்பர் கிடைத்துவிட்டதால் பதினேழைத் தள்ளிவிட வந்தவன், கோயில் நகையைக் கைமாற்றுகிற மாதிரி அலட்டினான்.

"ரசிகரா இல்லாதவங்க கையில கொடுக்க மாட்டேங்க. மூணாவது பாட்டுல டிரம்ஸ் ஒரு அடி தவறும். ஏன்னு சொல்லுங்க பாப்போம்."

ஜனெலுக்குக் காரணம் நன்றாகவே தெரியும். டிரம்ஸ் அடித்தது அவள்தான். வியர்த்த கையிலிருந்து குச்சி நழுவிக் கீழே கிடந்த பீட்சா டப்பாவில் விழுந்தது. எடுத்து ஜீன்ஸில் துடைத்துவிட்டு மேலே அடித்தாள்.

போன வருடம் டொலிடோவில் இன்னொரு கேசட்டை வைத்திருந்த ஒருவனிடம் உண்மையைச் சொல்லிப் பார்த்தாள். அவன் அவள் தோளில் சாய்ந்து அழுதான். கேசட்டை மட்டும் தரவில்லை. அவளையே பார்த்துவிட்ட பிறகு சாகும்வரை அதைப் பிரியமாட்டானாம்.

அதனால், இந்த ரசிகர்கள் இணையத்தில் எழுதி வைத்திருந்ததை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள்.

"அந்தப் பொண்ணு விட்டுட்டுப் போன நிமிஷம் அது. இதயம் ஒரு தடவை நின்னுடுது."

கோல்பி கண்ணை மூடித் தலையாட்டினான். கற்பூர வாசனை தெரியாத கழுதையைப் பற்றித்தான் எல்லோரும் சொல்வார்கள். கற்பூரமே இல்லாத இடத்தில் வாசனை பிடிக்கிற கழுதையை அவள் இப்போதுதான் பார்த்தாள்.

கேசட்டை நீட்டினான். அதன் மேல் விளிம்பில் இருந்த இரண்டு ஓட்டைகளையும் பழுத்துப்போன செலோடேப் மூடியிருந்தது.

"இதுதான் ஒரிஜினலுக்கு அடையாளம். நகம் படாமப் பாத்துக்குங்க. அப்புறம், பாட்டெல்லாம் முடிஞ்சதும் யாரோ ஒரு கிழவன் உளறுவான். அதைக் கண்டுக்காதீங்க."

"அது முழுசா இருக்கா?" அவள் கேசட்டை இரண்டு கையாலும் வாங்கினாள்.

"இருக்கு இருக்கு. கேக்கத்தான் ஆளில்ல."

கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது. வைக்கவில்லை. பத்தொன்பது வயதில் அவளும் அதை உளறல் என்றுதான் சொன்னாள்.

அப்பாவின் பழைய பியூக்கில் கேசட் பிளேயர் இன்னும் வேலை செய்தது. அதற்காகவே அவள் அந்தக் காரை விற்காமல் வைத்திருந்தாள். பாட்டுகளை வேகமாக ஓட்டிவிட்டாள். கடைசி ஒப்பாரி அடங்கியதும் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

பிறகு ஒரு கனத்த, நிதானமான குரல்.

"...பார்க்கிங்ல ஐஸ் உறைஞ்சு கிடக்கு. வயசானவங்களைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க. காபி கீழ இருக்கு. அவசரப்படாதீங்க."

அப்பா கண்ணை மூடி, தன் பழைய குரலோடு சேர்ந்து உதட்டை அசைத்தார். மப்ளருக்குக் கீழே தொண்டையில் குரல்வளை கிடையாது. புற்றுநோய் என்று எடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது.

முப்பது வருடம் சர்ச்சில் பிரசங்கம் செய்தவர். படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களுக்காக ஞாயிறுதோறும் கேசட்டில் பிடிப்பார்கள். யாரும் தப்பித்தவறி அழித்துவிடக் கூடாது என்று, ஒவ்வொரு கேசட்டின் விளிம்பிலும் இருக்கும் பிளாஸ்டிக் துண்டுகளை அவரே பேனா முனையால் நெம்பி உடைத்துவிடுவார். திரும்பி வந்தவற்றில் நாற்பது கராஜில் மிஞ்சியிருந்தன.

குழுவிடம் கேசட் வாங்கக் காசில்லை. ஓட்டையில் செலோடேப் ஒட்டினால் மேலே பதியலாம் என்று யோசனை சொன்னது ஜனெல். நாற்பதிலும் ஒட்டியது அவள். பக்கத்துக்கு முப்பது நிமிடத்தில் இருபத்தாறு நிமிடம் பாட்டு; பிரசங்கத்தில் மிஞ்சியது நான்கு நிமிடம்.

விஷயம் தெரிந்த அன்று அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போது அவருக்குக் குரல் இருந்தது.

இது அவள் மீட்டுக்கொண்டுவந்த ஏழாவது கேசட்.

நான்கு நிமிடம் முடிந்து கேசட் வெளியே வந்தது. அப்பா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சாலையைப் பார்த்தபடியே, மற்ற ஆறுக்கும் செய்தது போல, அந்தப் பழுத்த செலோடேப்பை நகத்தால் மெதுவாக உரித்தெடுத்தார்.