அடையாளம் சொன்னவர்

“பெத்த பொண்ணு என்ன டிரஸ் போட்டிருக்கான்னு தெரியாதா?”

அந்த மாலில் எல்லோரும் ‘மைக் அக்கா’ என்று கூப்பிடும் அறிவிப்புக் கவுன்ட்டர்காரிக்குக் கோபம் தலைக்கேறியது. அறிவிப்பைக் கேட்டு ஓடி வந்தவன் வியர்த்து வழிந்தான்.

“நீலம்... இல்லைங்க, பச்சை. காலையில அவ அம்மாதான் போட்டுவிட்டா.”

“தலையில?”

“ரிப்பன்... ரிப்பனாத்தான் இருக்கும்.”

உள்ளறை சோபாவில் அழுது களைத்துத் தூங்கும் குழந்தைக்கு மஞ்சள் கவுன். ரிப்பனும் இல்லை.

“போட்டோ காட்டுங்க.”

“சார்ஜ் தீர்ந்துபோச்சுங்க.”

“அவங்க அம்மா நம்பர்?”

“அதுவும் போன்லதாங்க இருக்கு!”

“புள்ள பிடிக்கிறவனேதான். மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கே!” என்றார் கூட்டத்தில் ஒருவர். செக்யூரிட்டி அவன் சட்டைக் காலரைப் பிடித்தார்.

மைக் அக்கா இந்த விஷயத்தில் கறார். ‘ஒரு பெண் குழந்தை இருக்கிறது’ என்பதற்கு மேல் மைக்கில் மூச்சு விட மாட்டாள். குழந்தையைக் காட்டிக் கேட்கிற பேச்சே கிடையாது. மிட்டாய் நீட்டினால் யாரிடமும் போகிற வயசு. அடையாளம் சொல்கிறவர் கையில்தான் பிள்ளை. பதினோரு வருஷமாக அப்படித்தான்.

அப்போது இன்னொருவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

“மஞ்சள் கவுனுங்க. முதுகுல நடு பட்டன் இல்ல. இடது முழங்கால்ல காய்ஞ்ச சிராய்ப்பு. கிளிப் ஒண்ணு எங்கயோ விழுந்துடுச்சு, இன்னொண்ணு தலையில இருக்கும்.”

அவள் உள்ளே போய்ப் பார்த்தாள். ஒன்றுவிடாமல் சரி. அப்பா என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்! அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது.

“அவன் யாருன்னே தெரியாதுங்க! குடுத்துடாதீங்க!” என்று காலர் பிடிபட்டவன் கத்தினான். யார் காதில் ஏறும்?

தூங்குகிற குழந்தையைத் தூக்கி வந்து இரண்டாமவன் தோளில் சாய்த்தாள். அவன் கிளம்பத் திரும்பினான். நாலு அடி வைப்பதற்குள் குழந்தை விழித்துக்கொண்டது. அவன் முகத்தைப் பார்த்து வீரிட்டு அழுதது. அவன் தோளுக்கு மேலாக, செக்யூரிட்டியிடம் மாட்டி நின்றவனை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டியது.

“அப்பா!”

மைக் அக்கா பாய்ந்துபோய்க் குழந்தையைப் பிடுங்கினாள். அவன் எடுத்தான் ஓட்டம். வாசலைத் தாண்டுவதற்குள் செக்யூரிட்டி மடக்கிவிட்டார்.

பதினோரு வருஷத்தில் அவள் இப்படி ஏமாந்ததில்லை.

“பட்டன் வரைக்கும் புட்டுப் புட்டு வெச்சானே! எப்படித் தெரிஞ்சுது?”

கேமராப் பதிவை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த செக்யூரிட்டி, மகளைக் கட்டிக்கொண்டு தேம்பியவனிடம் மெதுவாகச் சொன்னார்.

“ரெண்டு மணி நேரமா குழந்தையைக் கண்ணெடுக்காம பார்த்துட்டிருந்தது அவன் ஒருத்தன்தான் சார்.”