கத்திரி வைக்க மாட்டேன்!

"கையைக் கொஞ்சம் தூக்குங்க மேடம். வலிச்சா சொல்லிடுங்க" என்றாள் தையல்காரி, கழுத்தில் தொங்கிய டேப்பை உருவியபடி.

"வலியெல்லாம் போயே போச்சு. ஆரம்பத்துலயே வந்ததாலதான் தப்பிச்சேன்னு டாக்டர் நேத்து சொன்னார். இன்னும் முப்பது வருஷம் தாராளமா இருப்பேனாம்!" என்றார் வங்கி மேலாளர். சொல்லிக்கொண்டே தையல்காரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பின்னே? போன வருஷம் இதே அறையில், இதே தையல்காரியிடம் அவர் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமா! பதவி உயர்வுக்காகப் புதுக் கோட்டு தைக்க வந்திருந்தார். அளவெடுத்துக்கொண்டிருந்தவள், இடது மார்பின் ஓரத்தில் விரல் பட்டதும் சட்டென்று நிறுத்திவிட்டாள்.

"மேடம், இங்க ஒரு கட்டி இருக்கு. உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க."

"உன் வேலை தைக்கிறது. அதை மட்டும் பாரு!"

"காட்டிட்டு வாங்க. அப்பதான் துணியில கத்திரி வைப்பேன்."

மேலாளர் எகிறினார், வேறு கடைக்குப் போய்விடுவேன் என்று மிரட்டினார். ஊஹூம், அவள் மசியவில்லை. அவள் கைத்தையல் போல வேறெங்கும் அமையாது என்ற ஒரே காரணத்துக்காக, முணுமுணுத்துக்கொண்டே மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. ஸ்கேன், அந்த வாரமே ஆபரேஷன், விலை உயர்ந்த மருந்துகள், சம்பளத்தோடு ஆறு மாத விடுப்பு.

"திட்டின வாயாலயே சொல்றேன், நீ இல்லேன்னா இன்னைக்கு நான் இல்லை."

"அட, விடுங்க மேடம். அந்தப் பக்கம் உள்ளே மெத்துனு பஞ்சு வெச்சுத் தைச்சுடறேன். ஒரு வித்தியாசமும் தெரியாது. கொஞ்சம் திரும்புங்க, முதுகு அளவு எடுக்கணும்."

கண்ணாடியில் தெரிந்த அவளை மேலாளர் ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆமா, நீ என்ன இப்படி இளைச்சுட்டே? எனக்குப் பொறாமையா இருக்கு போ! உழைக்கிற உடம்பு, உங்ககிட்டல்லாம் எந்த வியாதியும் நெருங்காது. ஏசி ரூம்ல உக்கார்ந்திருக்கிற எங்களைத்தான் தேடிப் பிடிச்சு வருது."

தையல்காரி சிரித்துவிட்டு, நோட்டில் அளவைக் குறித்துக்கொண்டாள்.

மேலாளரின் மண்டையை ஒரு வருஷமாக ஒரு கேள்வி குடைந்துகொண்டிருந்தது. இன்று கேட்டே விட்டார்.

"தினமும் குளிக்கிறேன், எனக்கே தெரியலை. சாதாரணக் கொழுப்புக் கட்டின்னு நீ விட்டிருக்கலாம். உன் விரலுக்கு மட்டும் எப்படி அவ்வளவு நிச்சயமா தெரிஞ்சுது?"

தையல்காரி டேப்பை மெதுவாகச் சுருட்டினாள்.

"உங்களுக்கு மூணு வருஷம் முன்னாடி, எனக்கும் அதே இடத்துல, அதே அளவுலதான் இருந்துது மேடம். ஒரு நாள் கடையைச் சாத்தினா வீட்ல அடுப்பு எரியாதேன்னு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன், அது வளர்ந்துக்கிட்டே போச்சு. பிடிவாதமா அனுப்பி வைக்கவும் யாரும் இல்லை. இப்பப் போனா, இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்லைன்னு சொல்லிட்டாங்க. ஆனா கவலைப்படாதீங்க, உங்க கோட்டை மட்டும் எப்படியாவது முடிச்சுக் குடுத்திடறேன்."