எங்க வீட்டு ஜென்மம்

“எங்க வீட்டு ஜென்மம் இந்த வாரம் என்ன பண்ணுச்சு தெரியுமா?” என்று தையல்காரம்மா ஆரம்பித்ததுமே மாடி அறையில் நாற்காலிகள் அவள் பக்கம் நகர்ந்தன.

“என்ன பண்ணார் உங்க வீட்டுக்காரர்?” டீச்சருக்கு இப்போதே சிரிப்பு வந்துவிட்டது.

“இனிமே தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணி, பாட்டிலைக் குப்பைல போட்டுச்சு. அரை மணி நேரத்துல குப்பை வண்டி வந்து அள்ளிட்டுப் போயிடுச்சு. அவ்வளவுதான், வண்டி பின்னாடியே தெருமுனை வரைக்கும் ஓட்டம்! வண்டிக்காரர் பதறிட்டார். ‘செயினை ஏதும் தவறிப் போட்டுட்டீங்களா’ன்னு மொத்தக் குப்பையையும் ரோட்டுல கொட்டித் தேடினார்.”

“கிடைச்சுதா?”

“பாட்டில் கிடைச்சுது. செயினைத்தான் அந்த மனுஷன் இன்னும் தேடிக்கிட்டு இருக்கார்.”

அறை குலுங்கிச் சிரித்தது.

அந்த நூலகக் கட்டடத்தில் சனிக்கிழமைதோறும் இரண்டு கூட்டங்கள். குடியை விட நினைக்கிறவர்களுக்குக் கீழறை. அவர்களோடு வாழ்ந்து நொந்துபோன குடும்பத்தாருக்கு மாடி. மருந்துக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸில் விலாசம் பார்த்து, மூன்று தடவை வாசல்வரை வந்து திரும்பிப்போய், நாலாம் தடவைதான் தையல்காரம்மா உள்ளே நுழைந்தாள். காவலாளி அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. “மாடிக்குப் போங்கம்மா” என்று படியைக் காட்டினார். ஏறிவிட்டாள். இன்றோடு ஆறு வாரம்.

கூட்டத்தை நடத்துபவர் ஓய்வுபெற்ற நர்ஸ். எல்லோருக்கும் அவர் சிஸ்டர்.

“ஒளிச்சு வைக்கிறது எங்கே?” என்றார் சிஸ்டர்.

“மிஷினுக்கு அடியில வெட்டுத்துணி மூட்டை இருக்குல்ல, அதுக்குள்ள. வாசனை தெரியாம இருக்க எந்நேரமும் வாயில இருமல் மிட்டாய். என்ன தீராத இருமலோன்னு பக்கத்து வீட்டம்மா டாக்டர் விலாசமே எழுதிக் குடுத்துட்டாங்க. முதல் வாய் உள்ளே போறப்ப தொண்டையில நெருப்பு. அடுத்த வாய்க்கு, உலகத்துல எல்லாரும் நல்லவங்க. மூணாவதுக்கு, நம்மளை மாதிரி நல்லவங்க யாருமே இல்லை!”

“இவ்வளவு துல்லியமா எப்படிம்மா தெரியும் உங்களுக்கு?”

“ஒரே வீடு, ஒரே தலகாணி. தெரியாம இருக்குமா சிஸ்டர்?”

மறுபடி சிரிப்பு. சிரிக்க வைக்கிறவர்களை யாரும் அதற்கு மேல் குடைவதில்லை, பாருங்கள்.

அந்தச் சிரிப்பு அடங்கும்போதுதான் தையல்காரம்மா குனிந்து முந்தானை நுனியைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

“போன திங்கக்கிழமை பேத்தியைத் தூக்கிக்கிட்டு நடந்தப்ப கால் தடுமாறிடுச்சு. நாப்பது நாள் குழந்தை. சுவத்தைப் பிடிச்சதால தப்பிச்சுது. பொண்ணு பாத்துட்டா. அன்னிக்கே பெட்டியைக் கட்டிக்கிட்டுக் கிளம்பிட்டா. கீழறையில போய் உக்கார்ற வரைக்கும் குழந்தையைக் கண்ணுல காட்ட மாட்டாளாம்.”

யாரும் சிரிக்கவில்லை.

“உங்க வீட்டுக்காரர் வெளியே ஸ்கூட்டரோட நிக்கறார்ல?” சிஸ்டர் எழுந்துவிட்டார். “வாங்க எல்லாரும். இன்னிக்கு விடறதா இல்லை.”

“இன்னிக்கேவா சிஸ்டர்? அடுத்த வாரம்...”

“அடுத்த வாரத்துக்குள்ள குழந்தை இன்னும் ரெண்டு சிரிப்பு சிரிச்சிருக்கும். அதையும் பாக்காம இருக்கணுமா?”

தையல்காரம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். எழுந்து முதல் ஆளாகப் படி இறங்கினாள்.

வாசலில் அவள் கணவர், வாராவாரம் போலவே, பழைய செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டு நின்றார். ஏழு பெண்கள் தன்னைச் சுற்றி நின்றதும் பேப்பரை மடித்தார்.

“தாத்தா ஆயிட்டீங்களே, வெக்கமா இல்லையா சார்?” என்றார் டீச்சர். “பொண்டாட்டி மாடியில வந்து அழணும், நீங்க இங்க காத்து வாங்கணுமா?”

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் லேசாகத் தலையசைத்தாள்.

“உள்ளே வரேங்க” என்றார் அவர். “இந்த நாளுக்காகத்தானே இத்தனை வாரமா நிக்கறேன்.”

“பேச்சைப் பாரு!” என்று டீச்சர் முணுமுணுத்தார்.

கீழறையில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். குடியை விட்டு ஒன்பது வருடமான பஸ் டிரைவர் எழுந்து வந்து கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வாங்கண்ணே. இங்க யாரும் யாரையும் கேலி பண்றதில்லை. எல்லாரும் ஒரே பள்ளத்துல விழுந்து எந்திரிச்சவங்கதான். உக்காருங்க.”

வட்டத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. கணவர் கைக்குட்டையால் அதைத் துடைத்தார். துடைத்துவிட்டு, உட்காராமல் ஓரமாக விலகி நின்றார்.

“இப்பவும் கௌரவம் பாக்கறார் பாருங்க!” டீச்சரால் தாங்க முடியவில்லை.

தையல்காரம்மா போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கைகளைக் கோத்து மடிக்குள் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

சிஸ்டர் பதறினார். “எந்திரிங்கம்மா. அது குடிக்கிறவங்க உக்கார்ற இடம்.”

“அதான் சிஸ்டர் உக்காந்திருக்கேன்.”